தேடலில் அகப்படாத நல்லதண்ணி

மலையகத்தில் வேலைக்கான அழைப்பு நெடுங்காலம் கடிதமாகவே வந்தது. அந்தக் கடிதத்துக்கு வீட்டு வாசல் இல்லை. தோட்டத் தொழிலாளர் வாழும் லயக் காம்பராக்களுக்குத் தனி முகவரி கிடையாது என்பதால், தோட்டத்தின் பெயருக்கு வரும் தபால் மொத்தமாகத் தோட்ட அலுவலகத்தில் இறங்கும். அங்கிருந்து டிவிசனுக்கு, டிவிசனிலிருந்து லயத்துக்கு என்று கைமாறி வந்து சேர்வதற்குள் நேர்முகப் பரீட்சைத் தேதி கடந்து போயிருக்கும். வேலை போனது, பல்கலைக்கழகப் பதிவு தவறியது, வங்கியின் அறிவித்தல் கைக்கு வராமல் போனது என்று அந்தத் தாமதத்தின் கணக்கு மலையகத்தில் நீளமானது. வீட்டுக்கு வீடு முகவரி வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் எழுந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் இந்த இழப்புகள்தான்.

இப்போது பல அழைப்புகள் தோட்ட அலுவலகத்தைத் தொடாமல் நேரே கைத்தொலைபேசிக்கு வருகின்றன. கொழும்பில் ஒரு ஹோட்டல் குழுமத்திலோ தேயிலை ஏற்றுமதி நிறுவனத்திலோ ஆள் எடுக்கும் அதிகாரி, விண்ணப்பம் வரட்டும் என்று மட்டும் காத்திருப்பதில்லை. லிங்க்ட்இன்னைத் திறந்து தானே தேடுகிறார். ரீட் ஹோஃப்மனும் அவருடைய கூட்டாளிகளும் கலிபோர்னியாவில் 2002 டிசம்பரில் உருவாக்கத் தொடங்கி, 2003 மே 5 அன்று திறந்துவிட்ட தளம் அது. மைக்ரோசாப்ட் 2016இல் அதை 2,620 கோடி டொலருக்கு வாங்கியது. 2023இல் உறுப்பினர் தொகை 100 கோடியைத் தாண்டியது. மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் ஹட்டனிலும் உயர்தரம் முடித்த பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஆனால் பலருடைய பக்கத்தைத் திறந்தால் பழைய தோட்ட முகவரிதான் நினைவுக்கு வரும்: பெயர் இருக்கிறது, ஆளைக் கண்டுபிடிக்க வழி இல்லை.

நல்லதண்ணியையே எடுத்துக்கொள்வோம்.

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக மவுசாகலை நீர்த்தேக்கத்தின் ஓரமாக வரும் பஸ் கடைசியாக நிற்கும் சிற்றூர் அது. அதற்கு மேல் 2,243 மீற்றர் உயரச் சிவனொளிபாதமலைக்கு நடைதான். டிசம்பரில் உந்துவப் போயாவோடு தொடங்கும் யாத்திரைப் பருவம் மே மாத வெசாக் வரை நீள்கிறது. அந்த ஆறு மாதமும் சிற்றூர் தூங்குவதில்லை. சூரிய உதயம் பார்க்க நள்ளிரவு தாண்டியதும் மலையேறப் புறப்படும் வெளிநாட்டவர், குடும்பம் குடும்பமாக வரும் சிங்கள யாத்திரிகர், வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வரும் தமிழர் என எல்லோருக்கும் அறை, உணவு, வழி, வண்டி வேண்டும். இந்த வேலையில் பெரும்பங்கு சுற்றுப்புறத் தோட்டங்களின் இளைஞர் யுவதிகள் தோளில் விழுகிறது. சிங்களத்தில் விலை பேசி, ஆங்கிலத்தில் வழி சொல்லி, தமிழில் சமையலறைக்குச் சத்தம் போடும் இருபது வயதுப் பிள்ளை அங்கே அபூர்வமல்ல. முன்பதிவுத் தளத்தில் வரும் விருந்தினர் கேள்விகளுக்குப் பதில் போடுவதும் அந்தப் பிள்ளையாகவே இருக்கும்.

அதே பிள்ளையின் லிங்க்ட்இன் பக்கம் எப்படி இருக்கும்? பாடசாலையின் பெயர், உயர்தரம் எழுதிய ஆண்டு, ‘வேலை தேடுகிறேன்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அனுபவம் என்ற இடம் வெறுமையாக. கேட்டால், “சும்மா சீசனுக்கு நின்னேன், அது வேலையா?” என்ற பதில் வரும்.

மலையகத்து இளையோரின் பக்கங்கள் பலவீனமாக இருப்பதற்கு முதற் காரணம் இந்தப் பதிலில் இருக்கிறது. ஆங்கிலக் குறைபாடும் கணினி இல்லாமையும் தடைகள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் செய்த வேலையை வேலையாக எண்ணாத பழக்கம் அவற்றைவிடப் பெரிய தடை. தோட்டத்தின் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பெயர் விழுந்தால்தான் வேலை, அரசாங்க நியமனம் வந்தால்தான் உத்தியோகம், மற்றதெல்லாம் ‘சும்மா நின்றது’ என்று கருதி வளர்ந்த சமூகம் இது. கடையில் நின்றது, விடுதியில் நின்றது, மாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தது, கோயில் திருவிழாக் கணக்கை எழுதியது எதுவும் ஏட்டில் ஏறுவதில்லை.

ஆள் தேடுகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த வெறுமையின் விலை புரியும். ஆட்சேர்ப்பு அதிகாரிகளுக்கென லிங்க்ட்இன் தனியாக ஒரு கட்டணக் கருவி வைத்திருக்கிறது. பதவிப் பெயர், திறன், இடம், மொழி, படித்த நிறுவனம், அனுபவ ஆண்டுகள் என்று வடிகட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டால் பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும். ‘ஃப்ரண்ட் ஆபீஸ்’ என்று அவர் தட்டும்போது, அந்தச் சொல் எங்குமே இல்லாத பக்கம் பட்டியலில் மேலெழ வழியில்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்து யாரும் நிராகரிக்கவில்லை. யாரும் பார்க்கவே இல்லை. பல மாதமாகப் பதில் வராதபோது தன்னிடம்தான் ஏதோ குறை என்று மனம் ஒடிந்துபோகிற இளையோர் இந்த வேறுபாட்டை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

சரி, பக்கத்தைத் திருத்தினால் உண்மையிலேயே வேலை கிடைக்குமா? இதற்கு நம்பத்தக்க பதில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறது.

இளையோர் வேலையின்மை மிகக் கடுமையாக உள்ள நாடு அது. அங்கே ஹராம்பே என்ற அமைப்பு, வசதி குறைந்த குடும்பங்களின் இளையோருக்கு வேலைக்கான ஆயத்தப் பயிற்சி அளிக்கிறது. நான்கு நகரங்களில் 30 வகுப்புகளில் இருந்த 1,638 பேரை வைத்து ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். எந்த வகுப்புக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, சில வகுப்புகளுக்கு வழக்கமான பயிற்சி மட்டும், மற்ற வகுப்புகளுக்கு அதோடு லிங்க்ட்இன் பக்கம் அமைக்கவும் பயன்படுத்தவும் சில மணி நேரப் பயிற்சி. லிங்க்ட்இன் பயிற்சி பெறாத வகுப்புகளில் பயிற்சி முடிவில் 100க்கு ஏறக்குறைய 70 பேர் வேலையில் இருந்தார்கள். பெற்றவற்றில் 77 பேர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த இடைவெளி மறையவில்லை. 2022இல் அமெரிக்கப் பொருளியல் ஆய்விதழ் ஒன்றில் இந்த முடிவு வெளியானது.

ஏழு பேர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் ஒரு வகுப்பறையில் நூறு பிள்ளைகளை உட்காரவைத்து, ஏற்கெனவே இருக்கும் பயிற்சியோடு சில மணி நேரம் மட்டும் கூட்டி ஏழு குடும்பங்களுக்குக் கூடுதலாகச் சம்பளம் வரவைக்கிற திட்டங்கள் உலகத்தில் அதிகம் இல்லை. அந்த 77லும் 23 பேருக்கு வேலை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பக்கத்தைத் திருத்துவது வேலையை உருவாக்கித் தராது. இருக்கிற வேலைக்கும் இருக்கிற ஆளுக்கும் இடையிலுள்ள மறைப்பை அகற்றும், அவ்வளவே.

மலையகப் பக்கம் ஒன்றில் திருத்தம் எங்கே தொடங்க வேண்டும்? பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியில். 220 எழுத்துக்கு மேல் அதில் இடம் கிடையாது. தேடல் பட்டியலில் பெயரோடும் படத்தோடும் சேர்ந்து கண்ணில் படுவது அந்த வரிதான். ‘வேலை தேடுகிறேன்’ என்று யாரும் தேடுவதில்லை. நல்லதண்ணி விடுதிப் பிள்ளை அந்த இடத்தில் “கெஸ்ட் சர்வீஸ் அசிஸ்டன்ட் | தமிழ், சிங்களம், ஆங்கிலம் | சிவனொளிபாத யாத்திரைப் பருவ விடுதி அனுபவம்” என்று ஆங்கிலத்தில் எழுதினால், பதவியும் மொழியும் தொழிலும் ஒரே வரியில் வந்துவிடும். மூன்று மொழியும் பேசுகிற ஆள் இலங்கையில் எந்த முன்மேசைக்கும் தேவைப்படுகிறார். மலையகப் பிள்ளைகள் மூச்சு விடுவதுபோல் செய்கிற காரியம் என்பதாலேயே அதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது அனுபவப் பகுதி. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் சொல்ல விஷயம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி முடிந்தது. பெறுபேறு 2025 ஏப்ரல் இறுதியில் வந்தது. இடைப்பட்ட நான்கு மாதமும் யாத்திரைப் பருவம். பெறுபேற்றுக்காகக் காத்திருந்த எத்தனையோ பிள்ளைகள் அந்தக் காலத்தில் விடுதியிலும் கடையிலும் உழைத்தார்கள். அதை “2025 ஜனவரி – 2025 ஏப்ரல், நல்லதண்ணி” என்று திகதியோடு பதியலாம். விடுதியில் எத்தனை அறை, விடுமுறை நாளில் எத்தனை விருந்தினர், முன்பதிவை எந்தத் தளத்தில் கையாண்டது, அதிகாலைக் குழுக்களுக்கு உணவுப் பொதியும் வண்டியும் எப்படி ஒழுங்குசெய்தது, காசுப் பெட்டியின் பொறுப்பு யாரிடம் இருந்தது என்று நான்கு வரி போதும். எண்கள் அவரவர் உண்மையான எண்களாக இருக்கட்டும். உதவியாளராக நின்றவர் ‘மனேஜர்’ என்று போட்டுக்கொண்டால் முதல் தொலைபேசி உரையாடலிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

தோட்டத்து வேலைகளுக்கும் இதே மரியாதை வேண்டும். கங்காணியாக ஒரு கொழுந்துக் குழுவை நடத்துகிறவர் மனிதர்களை மேற்பார்வை செய்கிறார். தினசரி நிறை எடுத்து, தரம் பார்த்து, பதிவு வைக்கிறார். ‘ஃபீல்ட் சூப்பர்வைசர்’ என்ற பதவிப் பெயரில் தேடுகிற நிறுவனத்துக்கு அவர் தேவையான ஆள். தொழிற்சாலையில் வாட்டும் தட்டிலும் ரோலரிலும் நின்றவருக்கு உணவு உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, இரவு நேர வேலைமுறை எல்லாம் தெரியும்.

தோட்டத் துரையின் பங்களாவில் சமையல்கார அப்புவாக இருந்தவரின் கதை இன்னும் கூர்மையானது. தலைமுறை தலைமுறையாக அந்தச் சமையலையும் பரிமாறலையும் விருந்தினர் உபசாரத்தையும் யாரும் தொழிற்திறன் என்று எழுதிக் கொடுத்ததில்லை. இன்று காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய துரை பங்களாக்களிலேயே, 2005இல் திறக்கப்பட்ட சிலோன் டீ டிரெயில்ஸ் விடுதி இயங்குகிறது. பட்லர் சேவை அதன் அடையாளங்களில் ஒன்று. பாட்டனார் பங்களாவில் பழகிய அதே கைத்திறனுக்கு உலகச் சந்தையில் ஒரு பதவிப் பெயரும் சம்பளமும் இருக்கின்றன. பேரப்பிள்ளை தன் பக்கத்தில் எழுதத் தயங்க வேண்டியதில்லை.

கையில் சான்றிதழ் இல்லாத திறமைக்கு இலங்கையில் ஒரு வழி உண்டு. தேசிய தொழிற்தகைமை எனப்படும் என்.வி.கியூ. ஏழு நிலைகள் கொண்டது. பயிற்சி வகுப்பில் உட்காராமல் வேலைத்தலத்திலேயே தொழில் கற்றவர்கள், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்து அந்தச் சான்றிதழைப் பெறலாம். மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்டி, செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கொடுக்க வேண்டும். சமையல், பரிமாறல், அறைப் பராமரிப்பு, மின்னிணைப்பு, மேசன் வேலை எல்லாம் இதில் அடங்கும். கொழும்புக் கட்டடங்களில் பத்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு ‘படிப்பு இல்லை’ என்று தலைகுனிகிற அண்ணன்மாருக்கு இந்தச் செய்தி போய்ச்சேர வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் லிங்க்ட்இன்னில் அதற்கென உள்ள பகுதியில் நிலை எண்ணோடு பதிவது அவசியம்.

பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. மலையகத்தில் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, பாடசாலைச் சான்றிதழில் இன்னொன்று என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பது சாதாரணம். பிறமொழி எழுதுவினைஞர்கள் காதில் விழுந்தபடி எழுதியதன் விளைவைப் பிள்ளைகள் இன்றும் சுமக்கிறார்கள். நிறுவனங்கள் ஆவணங்களைச் சரிபார்க்கும்போது இது இடறும். அடையாள அட்டையிலோ கடவுச்சீட்டிலோ உள்ள ஆங்கில எழுத்தையே பக்கத்திலும் சுயவிபரக் கோவையிலும் மின்னஞ்சல் முகவரியிலும் ஒன்றுபோல் வைத்துக்கொள்வது நல்லது.

முகவரி பற்றிய அச்சம் அதைவிடப் பழையது. தோட்டத்தின் பெயரைப் போட்டால் ஒதுக்கிவிடுவார்கள் என்று கொழும்பு உறவினர் வீட்டு முகவரியைப் போடுகிறவர்கள் உண்டு. அந்த அச்சத்தைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. பெயரும் முகவரியும் பாகுபாட்டுக்கு இடம் கொடுக்கின்றன என்பதற்கு வலுவான சான்று உண்டு. அமெரிக்காவின் பொஸ்டனிலும் சிகாகோவிலும் நடந்து 2004இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், ஒரே மாதிரித் தகைமையுள்ள விண்ணப்பங்களில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியபோது, வெள்ளையர் பெயர் கொண்டவற்றுக்கு ஐம்பது சதவீதம் கூடுதல் அழைப்பு வந்தது. நல்ல வசதியான பகுதியின் முகவரிக்கும் அழைப்பு கூடியது. லிங்க்ட்இன்னில் வீட்டு முகவரி கட்டாயமில்லை. நகரமோ மாவட்டமோ போதும். வேலை தேடுவதை அறிவிக்கும் அமைப்பில் கொழும்பு, கண்டி என்று போகத் தயாரான ஊர்களையும் குறிப்பிடலாம். அந்த அறிவிப்பு ஆட்சேர்ப்பு அதிகாரிகளுக்கு மட்டும் தெரியும்படி வைக்கவும் வழி இருக்கிறது. ஆனால் ‘அனுபவம்’ பகுதியில் தோட்டத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் மறைக்க வேண்டிய தேவை இல்லை. அங்கே உழைத்ததுதானே தகுதி.

பெண்களின் பக்கங்களில் வேறொரு வெறுமை. வளைகுடா நாடுகளில் வீட்டு வேலைக்குப் போய் வந்த பெண்கள் மலையகத்தில் ஏராளம். சில ஆண்டு அங்கிருந்தவர்களில் பலர் அரபு பேசுவார்கள். முதியோரையும் குழந்தைகளையும் பராமரித்த அனுபவம் இருக்கும். திரும்பி வந்த பிறகு அந்த ஆண்டுகளை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பராமரிப்புத் தொழிலும் அரபு மொழியும் சுற்றுலாவிலும் மருத்துவத் துறையிலும் மதிப்புள்ளவை. பிள்ளை வளர்க்க வீட்டிலிருந்த காலத்துக்கும் 2022 முதல் ‘தொழில் இடைவெளி’ என்று தனிப் பதிவு செய்ய லிங்க்ட்இன் இடம் தந்திருக்கிறது. காலியாக விடுவதைவிட அது நேர்மையானது, தெளிவானது.

படம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பகல் வெளிச்சத்தில், வெறுஞ்சுவரின் முன் நின்று, முகமும் தோளும் தெரிய நண்பர் எடுத்துக் கொடுத்தால் போதும். ‘என்னைப் பற்றி’ பகுதியில் 2,600 எழுத்து வரை இடம் இருந்தாலும், திறந்தவுடன் தெரிவது முதல் சில வரிகளே. எங்கிருந்தோ நகலெடுத்த ‘கடின உழைப்பாளி, குழுவாகச் செயற்படுபவர்’ என்ற வாசகங்கள் எல்லோர் பக்கத்திலும் இருப்பதால் அவற்றை யாரும் படிப்பதில்லை. எளிய ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதிய ஐந்து வாக்கியம், பிழை பார்க்க ஓர் ஆசிரியரிடம் கொடுத்தது, அதைவிடப் பலமடங்கு மேல்.

பக்கம் தெரியத் தொடங்கினால் நல்லவர்கள் மட்டும் தேடி வர மாட்டார்கள். தாய்லாந்தில் கணினி வேலை, தரவுப் பதிவு வேலை என்று இணையத்தில் ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்ட இலங்கையர், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட கொடுமை 2023, 2024ஆம் ஆண்டுகளில் செய்திகளில் அடிபட்டது. வெளிநாட்டு வேலை என்று வந்தால், முகவருக்கு உரிமம் உண்டா என்பதை 1985 முதல் இயங்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்க வேண்டும். 1989 என்ற இலக்கத்தை அழைத்தால் போதும். சுற்றுலா விசாவில் வேலைக்கு வரச் சொல்பவரோடு பேச்சை அங்கேயே நிறுத்த வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தையோ அட்டையின் படத்தையோ பக்கத்தில் போடக் கூடாது. வாட்ஸ்அப்பில் கேட்டாலும் அனுப்பக் கூடாது.

பக்கத்துக்கு அடுத்து வேண்டியது அறிமுகங்கள். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாகப் பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல் உயர்ந்தது; 1,350 ரூபாவாக 2024இல்தான் ஏறியது. இந்தச் சம்பளத்தில் படிக்கவைத்த பெற்றோரால் பிள்ளைக்குச் செல்வாக்கான அறிமுகங்களை வாங்கிக் கொடுக்க முடியாது. நகரத்துப் பிள்ளைக்கு அப்பாவின் நண்பர் ஒருவர் நிறுவனத்தில் இருப்பார். தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே லயத்தில் இருப்பார்கள், அல்லது ஒரே கடையில். வேலைச் செய்தி பெரும்பாலும் நெருங்கியவரிடமிருந்து வருவதில்லை, தூரத்து அறிமுகங்களிடமிருந்தே வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இலேயே எழுதினார். லிங்க்ட்இன்னில் இரண்டு கோடிப் பேரின் ஐந்தாண்டு இணைப்புகளை வைத்து அந்தக் கருத்தைச் சோதித்த ஆய்வு 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. மிக நெருங்கியவர்களைவிட, ஓரளவே தெரிந்தவர்களின் இணைப்பு வேலை மாறுவதற்கு அதிகம் உதவியதாக அது கண்டது.

மலையகத்துக்கு இந்த முடிவு பெரிய நம்பிக்கை, ஏனென்றால் ஓரளவே தெரிந்தவர்கள் அதற்கு உலகெங்கும் இருக்கிறார்கள். ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியிலோ கொட்டகலை, மஸ்கெலியாப் பாடசாலைகளிலோ படித்துவிட்டுப் போனவர்கள் இன்று கொழும்பு வங்கிகளிலும் துபாய் ஹோட்டல்களிலும் கனடாவிலும் வேலை பார்க்கிறார்கள். பாடசாலைக்கு லிங்க்ட்இன்னில் பக்கம் இருந்தால், அங்கே படித்தவர்கள் எந்த ஊரில், எந்தத் துறையில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். பக்கம் இல்லாவிட்டால் பாடசாலையின் பெயரைத் தேடினாலே சிலர் அகப்படுவார்கள். அவர்களுக்கு இணைப்பு அனுப்பும்போது, ‘ஐயா ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று எழுதுவதைவிட, “அண்ணா, நானும் நம்ம ஸ்கூல்தான். சீசனில் விடுதியில் வேலை செய்திருக்கிறேன். உங்கள் ஹோட்டலில் ஆள் எடுக்கும்போது முக்கியமாக எதைப் பார்ப்பார்கள்?” என்று கேட்டால் பதில் வரும் வாய்ப்பு கூடும்.

கேள்வி வந்து சேர்கிற அந்த அண்ணன்மாரும் அக்காமாரும் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. தங்களுக்குக் கீழே வேலை பார்த்துப் பழகிய ஊர்ப் பிள்ளைக்கு லிங்க்ட்இன்னில் பரிந்துரை எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது. பிள்ளை பொறுப்பாகச் செய்த ஒரு வேலையைக் குறிப்பிட்டு, தங்கள் பெயரையும் பதவியையும் கீழே வைத்து இரண்டு வாக்கியம் எழுதினால், ஆள் எடுக்கும் அதிகாரி விசாரிப்பதற்கு ஒரு மனிதர் கிடைத்துவிடுகிறார்.